தலைக்கு மேல் பளபளக்கும் லைட்... எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

ஜவுளிக்கடையோ, பல் டாக்டர் கிளினிக்கோ, டியூஷன் சென்டரோ... அடுத்தமுறை போகும்போது ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். அதற்குள் சதுரம் சதுரமாக எல்.இ.டி பேனல் லைட்டுகள், நடுநடுவே வட்டமாக டவுன்லைட்டுகள். பார்க்க அழகு. ஆனால், அந்த லைட் எதன் மேல் நிற்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது. லைட்டை மாட்டிய தம்பிக்குக்கூட, ``அது சும்மா உக்காந்துக்கும் அண்ணாச்சி'' என்பதுதான் பதிலாக இருக்கும்.

உட்கார்ந்துகொள்ளும்தான். ஏ.சி தண்ணீர் ஒழுகி டைல் ஊறும் வரைக்கும், ஒயர் இழுக்க வந்த கேமரா ஆள் பக்கத்து டைலைத் தூக்கி நகர்த்தும் வரைக்கும், எலி ஓடி ஓடி ஒரு பக்கம் சாய்க்கும் வரைக்கும்.

முதலில் அந்தக் கூரையின் கதையைத் தெரிந்துகொள்வோம். ஃபால்ஸ் சீலிங் என்பது மேலே உள்ள கான்க்ரீட் தளத்திலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு தட்டுதான். தலைகீழ் `டி' வடிவத்தில் மெல்லிய தகரச் சட்டங்கள் கட்டம் கட்டமாகப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டைல் உட்காரும். அந்தச் சட்டங்களும் கம்பிகளும் லேசான டைல்களைத் தாங்குவதற்காகக் கணக்குப் போடப்பட்டவை. அங்கே லைட்டையும் அதன் டிரைவர் பெட்டியையும் வைத்து, போதாதற்குச் சுருட்டிய ஒயர் கட்டையும் போட்டால், பாரம் எல்லாம் அந்தத் தகரத்தின் தலையில். ஒரு சட்டம் வளைந்தால் அதோடு கோத்திருக்கும் பக்கத்துச் சட்டமும் இறங்கும். வரிசையாக இறங்குவது இப்படித்தான்.

ட்யூப்லைட் பெட்டி இருந்த காலத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. சோக்கோடு சேர்ந்து நல்ல கனம் இருக்கும் என்பதால் தனியாகக் கம்பி கட்டித் தொங்கவிட்டார்கள். எல்.இ.டி வந்தபிறகு லைட் தட்டையாகவும் லேசாகவும் ஆனது. கூடவே அந்தப் பழக்கமும் காணாமல் போய்விட்டது. மூன்று கிலோதானே என்று நினைக்கலாம். பத்தடி உயரத்திலிருந்து உலோகச் சட்டத்தின் முனை ஒரு குழந்தையின் தலையில் இறங்கினால், மூன்று கிலோ போதும்.

595-ஆ, 603-ஆ?

சிக்கல் மாட்டும்போது தொடங்குவதில்லை, ஆர்டர் போடும்போதே தொடங்கிவிடுகிறது. கடையில் எல்லோரும் கேட்பது ``டூ பை டூ லைட் இருக்கா?'' என்றுதான். இரண்டடிக்கு இரண்டடி. இதில்தான் வம்பு.

மில்லிமீட்டர் கணக்கில் போட்ட சீலிங் என்றால் ஒரு கட்டம் 600 மி.மீ. அடிக்கணக்கில் போட்டதென்றால் இரண்டடி, அதாவது கிட்டத்தட்ட 610 மி.மீ. பேனல் லைட்டும் 595 மி.மீ., 603 மி.மீ. என்று இரண்டு அளவுகளில் வருகிறது. இரண்டுக்குமே பேச்சுவழக்கில் `டூ பை டூ' என்றுதான் பெயர்.

600 கட்டத்துக்கு 595 லைட் சரியான ஜோடி. 603 வாங்கிவிட்டால் உள்ளே போகாது. சட்டத்தை நெம்பி அழுத்தி நுழைத்துவிட்டுப் போவார்கள். நெம்பிய சட்டம் பக்கத்து டைலை விட்டுவிடும். அதைவிட ஆபத்து, 610 கட்டத்தில் 595 லைட்டை வைப்பது. கணக்கைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் டி-சட்டத்தின் அடிப்பக்கம் 24 மி.மீ. அகலம். இரண்டு பக்கமும் பங்கு போட்டால், லைட்டின் ஒவ்வோர் ஓரமும் உட்கார 12 மி.மீ. விளிம்பு கிடைக்கும். ஆனால், லைட்டுக்கும் கட்டத்துக்கும் இடையே 14 மி.மீ. போல இடைவெளி இருக்கிறது. நடுவில் இருக்கும் வரை பிரச்னை இல்லை. யாரோ மேலே ஒயரை இழுக்கும்போது லைட் ஒரு பக்கமாக முழுக்க நகர்ந்துவிட்டால், எதிர்ப்பக்க ஓரம் விளிம்பைத் தாண்டிவிடும். அப்புறம் அதைப் பிடிக்க எதுவும் இல்லை.

அழகுக்காக 15 மி.மீ. மெல்லிய சட்டம் போடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் விளிம்பே ஏழரை மி.மீ.தான். சரியான ஜோடியான 600, 595-இல்கூட லைட் ஒரு பக்கம் ஒதுங்கினால், மறுபக்கம் மிஞ்சுவது இரண்டரை மி.மீ. நகக்கண் அளவு!

ஆகவே, கடைக்குப் போகுமுன் டேப் எடுத்து, ஒரு டைலைத் தூக்கிவிட்டு, சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். சட்டத்தின் அகலத்தையும் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் மில்லிமீட்டரில் சொல்லி லைட் கேட்டால், பாரிமுனை மொத்தக் கடைக்காரரும் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்.

பெட்டிக்குள் இருக்காது!

அடுத்த ஏமாற்றம், பெட்டியைப் பிரித்ததும் வரும். லைட் இருக்கும், டிரைவர் இருக்கும், மாட்டும் சாமான் பெரும்பாலும் இருக்காது. பேனல் லைட்டைப் பொறுத்தவரை, டி-சட்டத்தில் வைக்க, ஜிப்சம் போர்டில் வெட்டி உள்ளே பதிக்க, தளத்திலிருந்து கம்பியில் தொங்கவிட என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சாமான். பல கம்பெனிகள் அதைத் தனியாகத்தான் விற்கின்றன. கேட்காவிட்டால் தரமாட்டார்கள், வேலை நடக்கும் அன்று மாலை ஆறு மணிக்குத்தான் இது தெரியவரும். அப்போது ஆபத்பாந்தவனாக வருவது, கட்டடத்தில் முறுக்கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பி. அது லைட்டைத் தாங்கும் பொருள் இல்லை. மெல்லியது, சீக்கிரம் துருப்பிடிக்கும்.

லைட்டோடு சேர்த்தே எழுத வேண்டிய பட்டியல் பெரிதல்ல. ஒரு லைட்டுக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு ஜி.ஐ. கம்பி, அவற்றைத் தளத்தில் பிடிக்க இரண்டு இரும்பு ஆங்கர், சட்டத்தோடு லைட்டைக் கவ்விப்பிடிக்க நான்கு மூலைக்கும் கிளிப். பத்துக்கு ஒன்று கூடுதல். லைட்டின் விலைக்கு முன்னால் இதெல்லாம் சில்லறைக் காசு.

இரண்டு கம்பி என்பது நானாகச் சொல்வதல்ல. அமெரிக்காவில் நிலநடுக்க வாய்ப்பு உள்ள பகுதிகளுக்கான சீலிங் விதிகளில் இது எடை வாரியாகவே இருக்கிறது. சுமார் நாலரை கிலோவுக்குள் இருக்கும் லைட்டுக்கு ஒரு கம்பி, அதற்கு மேல் சுமார் 25 கிலோ வரை இரண்டு கம்பி, அதையும் தாண்டினால் கூரையைச் சாராமல் நேராகக் கட்டடத்திலிருந்தே தொங்க வேண்டும். கம்பி 2.7 மி.மீ. தடிமன். அது கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை. சீலிங் கைவிடும்போது லைட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கம்பி. நம் ஊரில் பூமி அடிக்கடி ஆடுவதில்லை. ஆனால் ஏ.சி ஒழுகுவதும் எலி ஓடுவதும் தினசரி நடப்பதால், மூன்று கிலோ லைட்டுக்கும் இரண்டு கம்பி கட்டுவதே என் கட்சி.

ஆங்கர் எதில் இறங்குகிறது?

கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மேலே அது பிடித்திருக்கும் இடம்தான் முக்கியம். சுவரில் காலண்டர் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்கைத் தலைகீழாகத் தளத்தில் அடிப்பது பரவலான தவறு. பாரம் நேராகக் கீழே இழுக்கும்போது அது மெள்ள நழுவும். தீ பிடித்தால் உருகும். கான்க்ரீட்டுக்குள் விரியும் இரும்பு ஆங்கர்தான் இதற்கு ஏற்றது. அதுவும் சிமென்ட் பூச்சைத் தாண்டிக் கான்க்ரீட்டுக்குள் போக வேண்டும். முக்கால் அங்குலம் பூச்சு இருக்கும் தளத்தில் ஒரு அங்குலம் மட்டும் துளையிட்டால், ஆங்கர் பிடித்திருப்பது பூச்சை. பூச்சு எப்போது பெயரும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய சென்னையில் இன்னும் பல கடைகள், வக்கீல் ஆபீஸ்கள் மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் இருக்கின்றன. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பு போட்ட தளம். அதில் ஆங்கர் பிடிக்காது, செங்கல்தான் உடையும். மரச்சட்டத்தில்தான் கொக்கி ஏற்ற வேண்டும், அதுவும் மரம் செல்லரிக்காமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகு. தகரக் கூரை போட்ட ஷோரூம் என்றால் தகரத்தில் துளையிடக் கூடாது. தகரத்தைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் கட்ட வேண்டும். புதிய மால்களிலும் ஐ.டி கட்டடங்களிலும் வேறொரு சிக்கல். தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கக்கூடும். டிரில் அதில் பட்டால் ஆபத்து. கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், சுமார் 50 கிலோ எடையுள்ள லைட் ஒன்று சாலையில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. காரணம் தேடியபோது, அலுமினிய லைட்டும் அதைப் பிடித்திருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பும் தொடும் இடத்தில், உப்பு ஈரம் பட்டுப் பட்டு அலுமினியம் அரித்துப் போயிருந்தது தெரிந்தது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். அரிப்பு வேகமாகும். ஏ.சி அறைக்குள் இந்தக் கவலை குறைவு. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கதவு திறந்தே கிடக்கும் கடை, போர்ட்டிகோ, மீன் மார்க்கெட் என்றால், வருடத்துக்கு ஒருமுறை கிளிப்பையும் கம்பி முடிச்சையும் ஏறிப் பார்த்துவிடுவது நல்லது.

டவுன்லைட்டின் கதை கொஞ்சம் வேறு. பக்கவாட்டில் இரண்டு ஸ்பிரிங் கைகள் விரிந்து, வெட்டிய ஓட்டையின் விளிம்பைக் கவ்வும். 12 மி.மீ. ஜிப்சம் போர்டில் நன்றாகவே நிற்கும், ஓட்டை சரியாக இருந்தால். லைட்டின் வெளிவட்ட அளவு வேறு, வெட்ட வேண்டிய ஓட்டையின் அளவு வேறு. பெட்டியில் இரண்டும் போட்டிருக்கும். வெளிவட்ட அளவுக்கு வெட்டிவிட்டால் கதை முடிந்தது, போர்டையே மாற்ற வேண்டும். மினரல் ஃபைபர் டைல் இன்னும் மென்மையானது. ஸ்பிரிங் அழுத்த அழுத்த ஓரம் உதிரும். அதில் டவுன்லைட் வைப்பதென்றால், டைலுக்கு மேலே டி-சட்டத்திலிருந்து எதிர் டி-சட்டம் வரை குறுக்காக ஓர் இரும்புப் பட்டை கொடுத்து, பாரத்தை அதில் இறக்க வேண்டும். மரப்பலகைத் துண்டு வைக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடாகும் லைட்டின் அருகே மரம் வேண்டாம்.

கம்பி கட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. கொக்கியில் நுழைத்து மடக்கிவிட்டால் போதாது. மூன்று அங்குலத்துக்குள் மூன்று சுற்றாவது நெருக்கி முறுக்க வேண்டும். கரண்ட் ஒயர் எந்தச் சூழ்நிலையிலும் லைட்டின் எடையைத் தாங்கக் கூடாது. டிரைவர் பெட்டியையும் டைல் மேல் அநாதையாகப் போடாமல் கட்டிவைக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்பவர் லைசென்ஸ் உள்ள வயர்மேனா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவர் ஏறி நிற்பது உறுதியான சாரமா, இரண்டு ஸ்டூலை அடுக்கியதா என்பதையும் கவனியுங்கள். தீபாவளிக்குள் கடை திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் விழுவது பெரும்பாலும் அவர்தான்.

கடைசி டைலை மூடுவதற்கு முன், உங்கள் செல்போனை மேலே நீட்டி ஒவ்வொரு லைட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்டிலிருந்து தளம் வரை இரண்டு கம்பிகளும் தெரிய வேண்டும். தெரியாத லைட்டைச் சுட்டிக்காட்டி, ``தம்பி, இதையும் கட்டிட்டு இறங்குங்க'' என்று சொல்லலாம். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.