ஹெரால்டின் மூச்சு: பழைய ஆங்கிலக் காரில் கார்புரேட்டரைப் புதுப்பிக்கும் முறை

பாலக்காட்டு மெக்கானிக் 'வண்டி வலிக்குந்நில்லா' என்றால், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் 'வண்டிக்கு என்ன வலி?' என்று விழிப்பார். மலையாளத்தில் வலித்தல் என்றால் இழுத்தல். நம் மொழியிலும் துடுப்பு வலித்தல் என்ற வழக்கு உண்டே! பழைய கார் 'வலிக்காத'போது முதலில் பார்க்க வேண்டிய உறுப்புகளில் ஒன்று கார்புரேட்டர். தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்க மனமில்லாமல் ஷெட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 'புதுசு போட்டுடலாமா, பழசையே சரி பண்ணலாமா?' என்பது அவர்கள் கேள்வி. நான் வணிகன், பொறியாளன் அல்லேன். படித்தும் பட்டறைகளில் நின்று பார்த்தும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

வண்டியின் குலம்

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. 1961-ல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் அதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி 1962-ல் இங்கிலாந்தில் வந்ததே ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். நம்முடைய 948 சி.சி. எஞ்சினையே 1147 ஆகப் பெருக்கி அதில் வைத்தார்கள். ஹெரால்டில் சோலெக்ஸ் கார்புரேட்டர் ஒன்று, ஸ்பிட்ஃபயரில் எஸ்.யு. இரண்டு. அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்.

எஸ்.யு. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பத்தின் தொழில் காலணி வியாபாரம்! அதனாலோ என்னவோ, முதல் எஸ்.யு.வில் காற்றுக்கேற்ப விரிந்து சுருங்கும் துருத்தி தோலால் ஆனது. பிறகுதான் உலோகப் பிஸ்டன் வந்தது.

வேலை செய்யும் விதம்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவையைச் செய்வதே கார்புரேட்டரின் வேலை. மாடித் தொட்டியில் பந்து வால்வு தண்ணீர் மட்டத்தைக் காப்பது போல, இதற்குள் ஒரு மிதவை பெட்ரோல் மட்டத்தைக் காக்கிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்று, நடுவில் இடுப்புப்போல் குறுகிய குழலில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஜெட் எனும் பித்தளைத் துளை வழியே பெட்ரோல் தானே மேலேறித் தூவானமாகிறது. சோலெக்ஸில் துளையின் அளவு மாறாது. எஸ்.யு.வில் பிஸ்டனோடு ஏறி இறங்கும் கூர் ஊசி அளவை மாற்றிக்கொண்டே இருக்கும்.

மாற்றுவதா, புதுப்பிப்பதா?

உடல் வெடிக்காதவரை புதுப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. குழலின் இடுப்பும் ஜெட் எண்ணும் அந்த எஞ்சினின் அளவுக்கென்றே தேர்ந்தவை. வேறு வண்டியின் கார்புரேட்டரைத் தகடு வைத்துப் பொருத்தினால் வண்டி ஓடும். ஆனால் கணக்கு ஒத்துவராது.

முதலில் பாட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஹெரால்டின் பானெட் முழுதும் முன்பக்கம் சாய்வதால் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுங்கள். ஜெட்டில் கம்பி நுழைக்கக் கூடாது, துளை பெருத்துவிடும். காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும். மிதவையை வெந்நீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ஓட்டை. கேஸ்கெட்டும் ஊசி வால்வும் புதிதாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் திராட்டில் தண்டு. அதை ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று இருக்கிறதா? அந்த இடுக்கில் கணக்கில் வராத காற்று நுழைகிறது. லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் போடாமல் ஆயிரம் தடவை ஸ்க்ரூ திருகினாலும் ஐடிலிங் நிற்காது. பூட்டியபின் எஞ்சினைச் சூடாக்கிக் கலவையைச் சரி செய்யுங்கள். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு.

புதிய பெட்ரோலும் மலைப்பாதையும்

2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. இதற்குக் காற்று சுமார் 13.5 பங்கு போதும். அதாவது, பழைய ஜெட் கொடுக்கும் பெட்ரோல் ஏறக்குறைய 8 சதவீதம் பற்றாது. வண்டி இருமும், சூடேறும்.

இப்போது பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகிறோம் என்று வையுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. ஜெட்டுக்கு இது தெரியாது. கலவையில் பெட்ரோல் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆக, எத்தனால் குறைத்ததை மலை ஈடுகட்டுகிறது! கீழே இருமிய கார் மூணாறில் நன்றாக ஓடினால் 'மலைக்காத்து ஒத்துக்கிச்சு' என்று விட்டுவிடாதீர்கள். கீழே ஜெட் சிறிதாக இருக்கிறது என்பதே பொருள். சமவெளியில் ஓடும் வண்டிக்குச் சமவெளிக் கணக்கிலேயே ஜெட் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் மலைப் பயணத்தில் சற்றுப் பெட்ரோல் கூடினால் கெடுதல் இல்லை. குறைந்தால்தான் எஞ்சினுக்கு ஆபத்து.

எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் புகைக்குழாய் கொதிக்கிறது. வெடித்த ஹோஸிலிருந்து நாலு சொட்டு விழுந்தால் போதும், கார் தீப்பற்றிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸை இன்றே மாற்றுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். பிள்ளைகளை முதலில் இறக்குங்கள்.

மாருதி 800-க்கும் 2000-ல் பெட்ரோலை ஊசிபோல் செலுத்தும் முறை வந்துவிட்டது. பைக்குகளிலும் 2020-க்குப் பின் பெரும்பாலும் அதுவே. கார்புரேட்டரைத் தொட்டறிந்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய, சட்டமும் கூடும் எஞ்சினும் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 2021 விதி. ஆகவே உங்கள் வண்டியின் ஜெட் எண்களையும் செய்த வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெக்கானிக் வேலை செய்யும்போது மகனையோ மகளையோ பக்கத்தில் நிறுத்துங்கள். வண்டியை மட்டும் கொடுத்தால் போதாது, அதை ஓடவைக்கும் அறிவையும் கொடுத்துப் போக வேண்டும்.