கள்ளுக்கடையில் சம்பளம் கொடுக்கக்கூடாது

விசித்திரச் சட்டங்கள் என்ற பட்டியல் ஒன்று புலனக் குழுக்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் உயிரை விடுவது குற்றம் என்கிறது ஒரு வரி. சிங்கப்பூரில் சூயிங்கம் மென்றால் சிறை என்கிறது அடுத்தது. மலேசியாவில் கள்ளுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுத்தால் முதலாளி மீது வழக்கு என்று இன்னொன்று. வாசிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்துவிட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

முதலாவது பொய். இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2013-இல் இப்படிப்பட்ட கதைகளை எடுத்து ஆராய்ந்து, அப்படி ஒரு சட்டம் இருந்ததற்குத் தடயமே இல்லை என்று எழுதிவிட்டது. இரண்டாவது அரைகுறை. 1992-இல் சிங்கப்பூர் தடை போட்டது சூயிங்கத்தின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும். 2004 முதல் மருத்துவப் பயனுள்ள கம் அங்கே மருந்தகங்களில் கிடைக்கிறது. மூன்றாவது முழு உண்மை. அது நம் தாத்தா பாட்டிகளின் சம்பள நாளைப் பற்றிய சட்டம். அதைச் சிரிப்புப் பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அது. மதுக்கடையிலோ, கேளிக்கை இடத்திலோ, சில்லறைக் கடையிலோ தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது. அந்தக் கடையிலேயே வேலை செய்பவருக்கு மட்டும் விலக்கு. அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக எந்த முதலாளியும் போதை தரும் மதுவை வழங்கக்கூடாது என்கிறது. கோலாலம்பூரில் குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கும் இளைஞனுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஹுத்தான் மெலிந்தாங்கில் தெரியாது.

பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பரும் தென்னையும். இப்போது பெரும்பாலும் செம்பனை. தென்னை இருக்கும் இடத்தில் கள்ளுக்குப் பஞ்சமில்லை. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை உரிமத்தோடு, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, பால்மரக்காடு, லயம், கள்ளுக்கடை என்று ஒரு மனிதனின் நாள் முழுவதும் ஒரே வேலிக்குள் முடிந்துபோகும். சம்பளப் பணம் அந்த வேலியைத் தாண்டுவதே பெரும்பாடு.

சட்டத்தின் அக்கம்பக்கப் பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால் அந்த வேலி கண்ணுக்குத் தெரியும். சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என்கிறது 26. முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக்கூடாது என்கிறது 27. முதலாளி தோட்டத்தில் கடை வைத்தாலும் அங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது 30. ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி, வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு வாங்கியவர். பல இடங்களில் கடன் கொடுத்தவரும் அவர்தான், கடை நடத்தியவரும் அவர்தான். கப்பல் ஏறும்போது தொடங்கிய கடன் சம்பளத்துக்கு முன்னால் வந்து நிற்கும். இவ்வளவும் நடந்த பிறகுதான் இத்தனை ‘கூடாது’களும் எழுதப்பட்டன. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் மெனக்கெட்டுச் சட்டம் எழுதுவதில்லை. வெள்ளைக்காரன் தன் ஊரிலும் இதைக் கண்டவன்தான். மதுக்கடையில் கூலி கொடுப்பதைத் தடுக்க பிரிட்டன் 1883-இலேயே தனிச்சட்டம் போட்டது.

அதே சட்டத்தில் பெண்களைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. விவசாயத்திலோ தொழிற்கூடத்திலோ இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையில் பெண்ணை வேலை வாங்கக்கூடாது. மறுநாள் வேலை தொடங்குமுன் தொடர்ந்து பதினோரு மணி நேரம் அவளுக்கு ஓய்வு இருக்க வேண்டும். பெண்ணைக் குழந்தையாக நடத்தும் சட்டம் என்று பலர் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. 2023 ஜனவரி முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன ஒரு தலைமுறைக்கு அந்த ஐந்து மணி என்பது வெறும் எண்ணாக இருந்திருக்காது.

உண்மையில், இந்த மண்ணில் இருந்த மிக விசித்திரமான விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. தோட்டத் துரையோ, கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் இது தனியாக இடம்பெற்றது: நிர்வாகிகள் முன்னால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக எங்களை விடுங்கள். அதே பட்டியலில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, சொந்தபந்தங்கள் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் இருந்தன. ஆம், கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்களே.

அந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர். மே மாதம் அவரைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். போருக்குப் பின் 1947-இல் கெடாவில் கள்ளை எதிர்த்த தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தார்கள். அங்கும் போலீஸ் வந்தது, அங்கும் உயிர் போனது. எட்டு ஆண்டு கழித்து வந்த சட்டத்தில் மதுவைப் பற்றி இரண்டு பிரிவுகள் இருப்பதை இந்த வரலாற்றைத் தள்ளிவைத்துவிட்டு வாசிக்க என்னால் முடியவில்லை.

‘ரப்பர் மரம் நட்டால் குற்றம்’ என்ற வரி எந்தப் பட்டியலிலும் வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் அதையும் நம்பலாம். உலகச் சந்தையில் விலை விழுந்ததால் 1934-இல் ரப்பர் விளையும் நாடுகள் சர்வதேச ஒப்பந்தம் செய்தன. புதிய நடவு தடை செய்யப்பட்டது, ஏற்றுமதிக்குப் பங்கீடு வந்தது. ரப்பருக்கென்றே கப்பலேற்றி வரப்பட்ட மனிதர்கள் வாழ்ந்த நாட்டில், கையளவு நிலம் வைத்திருந்தவன் புதிதாக ஒரு கன்று ஊன்ற முடியாமல் நின்றான்.

கடைசியாக, எண்ணிக்கை பேசும் இரண்டு சட்டங்கள். 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரே வாத்தியாரும்தான். படித்த கிராணியோ கங்காணியோ பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுத்த இடங்களும் உண்டு. ஆனாலும் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பத்திலிருந்து முளைத்தவை.

இரண்டாவது இன்றும் உயிரோடு இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோய், அருகில் தமிழ்ப்பள்ளி இல்லாமல் பிள்ளையைத் தேசியப் பள்ளியில் சேர்த்திருக்கும் குடும்பங்கள் ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் உண்டு. இந்த வரியை அவர்களுடைய குழுக்களுக்கு அனுப்புங்கள். பதினைந்து பேரின் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.