பெரிய சோலார் தகடு வாங்கும் முன்...

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் சூரிய மின்வேலி நள்ளிரவில் ஓய்ந்துவிட்டால், அந்த ஓர் இரவிலேயே காட்டுப்பன்றிகள் வயலைப் புரட்டிவிடும். உடனே பேட்டரியை மாற்றவோ பெரிய தகடு வாங்கவோ கிளம்பிவிடாதீர்கள். இருக்கும் தகடு முழு மின்சாரம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

நிழல்: 12 வோல்ட் பேட்டரிக்கான தகட்டில் பொதுவாக 36 செல்கள் சங்கிலிபோல இணைந்திருக்கும். ஒரே ஒரு செல் நிழலில் மறைந்தாலும் உற்பத்தி பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறையும். காலை 9 முதல் மாலை 3 மணி வரை நிழல் படாத இடத்தில் வையுங்கள்.

சாய்வு: தமிழகத்தில் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி போதும். 1 மீட்டர் தகட்டுக்கு வடக்கு ஓரம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். மட்டமாக வைத்தால் தூசி தேங்கும். வாரம் ஒருமுறை அதிகாலையில் தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியால் துடையுங்கள்.

சூடு: தகட்டின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். தகரக் கூரையோடு ஒட்டி வைக்காமல், காற்று போக அரை அடி இடைவெளி விடுங்கள்.

ஒயர்: மெல்லிய, நீளமான ஒயரில் மின்சாரம் வீணாகும். 10 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் பயன்படுத்துங்கள். சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும்.

கன்ட்ரோலர்: விலை அதிகமான எம்.பி.பி.டி. வகை, சாதாரண பி.டபிள்யூ.எம். வகையைவிடக் கூடுதல் மின்சாரம் எடுக்கும். ஆனால் நம் வெயிலில் சூடான 40 வாட் தகட்டில் அந்த லாபம் சில வாட்தான். 100 வாட்டுக்கு மேல் என்றால் யோசிக்கலாம். எந்த வகையானாலும் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகே தகட்டை இணைக்க வேண்டும்.

சோதனை: மேகமில்லாத நண்பகலில் தகட்டின் ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து அளவிடுங்கள். தகட்டின் பின்புறம் ஐ.எஸ்.சி. என்று அச்சிட்டுள்ள அளவை நெருங்கினால் தகட்டில் குறையில்லை. பிறகு ஒருநாள், வெயில் ஏறும் முன் வேலியை அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் பேட்டரியை அளவிடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பாதிக்கு மேல் காலி. தகடும் ஒயரும் சரியாக இருந்தும் தினமும் இப்படியே இருந்தால், பேட்டரியை மாற்றுவது பற்றி அப்போது முடிவு செய்யுங்கள்.

பேட்டரி ஓய்ந்துவிட்டது என்று வேலியில் நேரடி மின்சாரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்த மின்சாரம், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளின் உயிரையே பறித்துவிடலாம்.