படியிறங்காத பூனைக்கும் தெள்ளு வரும்

எங்கள் வீடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. எங்கள் பூனை குட்டியாக வந்த நாளிலிருந்து வாசற்படியைத் தாண்டியதில்லை. மணற்பெட்டி குளியலறையில், சாப்பாடு குசினி மூலையில், நித்திரை மகளின் கட்டிலில். ஆகவே, அதன் முதுகில் கை வைத்தபோது மணல் தூவியது போல நெருடியதை நான் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. மயிரை விலக்கிப் பார்த்தால், தினையளவு சிறு சிறு பொருக்குகள். கழுத்தைச் சுற்றியும், வாலடியிலும் அதிகம். சில நாட்களில் வாலடி மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. நக்கி நக்கி அடிவயிறும் வழுக்கையாயிற்று.

மாமி ஒரே வசனத்தில் முடித்தார்: "உது மீன் சூடு, பிள்ளை. சூரையை நிப்பாட்டு." சூரையை நிறுத்தினேன். பொருக்கு குறையவில்லை. டெட்டோல் கலந்த தண்ணீரால் துடைத்தேன். அது பூனைகளுக்கு நஞ்சு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வீட்டு அக்கா ஒரு நாள் பார்த்துவிட்டு, "தங்கச்சி, தெள்ளாக இருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைக்கிற வீட்டில் தெள்ளா? ஒரு தெள்ளைக்கூட நான் கண்ணால் காணவில்லையே. ஆனால் அதே கிழமை மகளின் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள் வரத் தொடங்கின. மாமி, பூனையைச் சந்தையடியில் கொண்டுபோய் விடும்படி சொன்னார். மகள் இரவு சாப்பிடாமல் படுத்தாள். வீட்டில் பூச்சி என்றால் அது வீட்டுக்காரியின் குறை என்று எண்ணுகிற ஊர் அல்லவா நம்முடையது. யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குத் தனியாகப் போனேன். நாய்களுக்கான துளிமருந்து ஒன்றைத் தந்து, "பூனைக்கென்றால் பாதி போடுங்கோ" என்றார்கள். பாதிதான் போட்டேன்.

பின்னேரம் போட்டது. இரவு எட்டு மணிக்குப் பூனையின் வாயிலிருந்து நுரை வடிந்தது. காதுகள் துடித்தன. பிறகு உடம்பு முழுவதும் நடுங்கி, நிற்க முடியாமல் விழுந்தது. துவாயில் சுற்றி, முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். மருந்துப் பெட்டியைப் பார்த்ததுமே அவர் கேட்டார்: "நாய்க்குப் போடுற மருந்தே போட்டனீங்கள்?"

அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வல்லமை மிகக் குறைவு. நஞ்சு உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. ஆகவே பாதி, கால் என்று அளவைக் குறைத்துப் போடுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. (நாம் தலையிடிக்குப் போடுகிற பரசிற்றமோலும் இப்படித்தான். ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.) பாத்திரம் கழுவும் திரவத்தையும் இளஞ்சூட்டுத் தண்ணீரையும் கொண்டு தோலிலிருந்த மருந்தைக் கழுவினார்கள். வலிப்புக்கு ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, இரண்டு இரவுகள் அங்கேயே வைத்திருந்தார்கள். பூனை பிழைத்தது. எல்லாப் பூனைகளும் பிழைப்பதில்லை என்று வைத்தியர் மறைக்காமல் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் புண்களைப் பற்றிப் பேசினோம். வைத்தியர் பேன்சீப்பு போன்ற ஒரு நெருக்கமான சீப்பால் வாலடியை வாரினார். மிளகுத் தூள் போலக் கறுப்பாக ஏதோ விழுந்தது. அதை நனைத்த வெள்ளைக் கடதாசியில் போட்டார். சிறிது நேரத்தில் ஒவ்வொரு துணிக்கையைச் சுற்றியும் செம்மண் நிறத்தில் கறை பரவியது. அது தெள்ளின் எச்சம். செரித்த இரத்தம். வெறும் அழுக்கென்றால் நிறம் பரவாது. இந்தச் சோதனையை எவரும் வீட்டில் செய்யலாம்.

தெள்ளை நான் காணாததற்கும் காரணம் இருந்தது. அரிப்புள்ள பூனை நாள் முழுவதும் நக்கி, கடிக்கிற தெள்ளையெல்லாம் விழுங்கிவிடும். புண்ணுக்குக் காரணம் தெள்ளின் எண்ணிக்கை அல்ல, அதன் எச்சிலுக்கு ஏற்படும் ஒவ்வாமை. ஒவ்வாமையுள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும். சில பூனைகளுக்கு மேலுதட்டிலும் புண் வருமாம். ஆனாலும் பொருக்கு எல்லாம் தெள்ளு அல்ல. சொறிப்பூச்சி காது ஓரத்தில் தடித்த பொருக்கை உண்டாக்கும். படர்தாமரை வட்டமாக மயிரை உதிர்த்து, பிள்ளைகளுக்கும் தொற்றும். வைத்தியர் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

வெளியே போகாத பூனைக்கு எப்படி வந்தது? எங்கள் மாடிப்படிக்குக் கீழே தெருப்பூனைகள் படுப்பதுண்டு. வாசல் மிதியடியிலிருந்தோ எங்கள் உடையிலோ ஒன்றிரண்டு தெள்ளு ஏறி வந்திருக்கலாம். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். முட்டைகள் பூனையில் ஒட்டியிருப்பதில்லை. கட்டிலிலும், செற்றி இடுக்கிலும், பாயின் கீழும் உதிர்ந்துவிடும். புழுக்கள் இருட்டில் தெள்ளின் எச்சத்தைத் தின்று வளர்ந்து கூடு கட்டும். கடற்கரையோர ஈரமும் சூடும் அவற்றுக்கு வாய்ப்பானவை. கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே பாயும்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. நாங்கள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய், பூனையை அக்கா வீட்டில் விட்டு, வீட்டை மூன்று கிழமை பூட்டியிருந்தோம். திரும்பி வந்த கிழமையில்தான் எல்லாம் தொடங்கியது.

வைத்தியர் பூனைகளுக்கென்றே தயாரான துளிமருந்து தந்தார். பிப்ரோனில், செலமெக்டின் போன்றவை பூனைகளுக்கு உண்டு. நிறையைப் பார்த்துத் தெரிவு செய்து, நக்க முடியாதபடி பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். மாதம் ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம். அரிப்புக்குச் சில நாட்கள் ஸ்டெரொயிட் குளிசை. விழுங்கிய தெள்ளு மூலம் நாடாப்புழு வருவதால் அதற்கும் ஒரு குளிசை. பூனையின் பின்புறத்தில் அரிசிமணி போல ஏதும் ஒட்டியிருந்தால் அது இந்தப் புழுவின் துண்டு.

மிச்ச வேலை என்னுடையது. படுக்கை விரிப்புகளைக் கிழமைக்கு ஒருமுறை கொதிநீரில் தோய்த்தேன். செற்றியை நகர்த்தி, பாயைச் சுருட்டி, மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையைப் பையில் இறுகக் கட்டி உடனே கீழே கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றாம் கிழமை மகளின் காலில் மறுபடியும் இரண்டு தடிப்பு. மருந்து சரியில்லை என்று மாமி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வைத்தியரிடம் கேட்டபோது, பழைய கூடுகள் இப்போது பொரிக்கின்றன, அவற்றை மருந்து கொல்லாது, வெளியே வந்தவை பூனையில் ஏறித்தான் சாகும் என்றார். நிறுத்தாமல் தொடர்ந்தோம். படிக்குக் கீழே இருக்கும் பூனைகளுக்கும், அக்காவும் நானும் பணம் போட்டு, அதே மருந்தை விடுவித்தோம்.

இரண்டாம் மாதம் பொருக்குகள் உதிர்ந்தன. வாலடியில் மயிர் முளைத்தபோது முதலில் மெல்லிய சாம்பல் நிறமாக இருந்தது. இப்போது மகளுடைய பழைய பேன்சீப்பு மாமியிடம் இருக்கிறது. பின்னேரம் தேநீர் குடித்த பின் பூனையை மடியில் போட்டு வாருவார். பக்கத்தில் நனைத்த கடதாசி ஒன்றை விரித்து வைத்திருப்பார். அதில் ஏதும் விழுந்தால் என்னைக் கூப்பிடுவார்.