அமீனா தொடக்கூடாத மூட்டை

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தையல் வேலை செய்பவர். கணவரின் மருத்துவச் செலவுக்காக நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி, புரோநோட்டிலும் ஒரு முத்திரைத்தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதமாக வட்டி கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்தவர், "திங்கக்கெழமைக்குள்ள கட்டலைன்னா சாமான் பூரா ஜப்திதான், மெஷினையும் சேத்து" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "அவரால் அப்படிச் செய்ய முடியுமா ஐயா?" என்று கேட்கிறார்.

முடியாது அம்மா. ஜப்தி என்பது கடன் கொடுத்தவரின் கையில் இருக்கும் அதிகாரமே இல்லை. அது நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது. அவர் முதலில் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். உங்களுக்குச் சம்மன் வர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டிக்ரி என்கிற தீர்ப்பாணை. அந்த டிக்ரியைக் கையில் பிடித்துக்கொண்டும் உங்கள் வாசலுக்கு வந்துவிட முடியாது. நிறைவேற்று மனு என்று இன்னொன்று போட்டு, நீதிமன்றம் கட்டளை பிறப்பித்து, கோர்ட் ஊழியரான அமீனா வந்தால்தான் அதற்குப் பெயர் ஜப்தி. வேறு யார் வந்து உங்கள் வீட்டுச் சாமானைத் தூக்கினாலும் அது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

கொடுத்தவர் பக்கமும் நியாயம் உண்டு. இந்தியாவில் வழக்காடுகிறவரின் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்ற பொருளில், அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், நடுவில் கழிந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நிலைமை எவ்வளவு மாறியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாமதத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. அதற்காகச் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆளை அனுப்புவதை ஏற்க முடியாது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ல் எழுதப்பட்டது. பழைய குற்றவியல் சட்டங்கள் போய்ப் புதியவை வந்துவிட்டன. இது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இதன் 60-ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. டிக்ரி வாங்கி, கட்டளை வாங்கி, அமீனாவே வந்து நின்றாலும் தொடக்கூடாத பொருள்களின் பட்டியல். கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் வேண்டிய உடுதுணி, சமைக்கும் பாத்திரம், கட்டில், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. நம் ஊரில் அதைத் தாலி என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. கைவினைஞரின் கருவிகள். விவசாயியாக இருந்தால் அவருடைய ஏர் முதலான கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் அளவுக்கு மாடு, விதை தானியம். விவசாயியும் கூலித்தொழிலாளியும் வீட்டு வேலை செய்பவரும் தாங்கள் குடியிருக்கும் சொந்த வீடு. கணக்குப் புத்தகம்கூட அதில் இருக்கிறது. பழைய பேப்பர் விலைக்குத்தான் போகும், ஆனால் அது இல்லாவிட்டால் கடைக்காரர் தனக்கு வரவேண்டியதை வசூலிக்க முடியாது என்று யோசித்திருப்பார்கள் போல.

முதன்முறை படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. நாங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்த குடும்பம். ஒவ்வொரு முறையும் அம்மா கடைசியாக ஒரு மூட்டை கட்டுவார்; புது வீட்டில் முதலில் அவிழ்ப்பதும் அதைத்தான். சோற்றுப் பானை, கரண்டி, இரண்டு பாய், ஆளுக்கொரு மாற்றுத்துணி, அப்பாவின் உளி, இழைப்புளி, ரம்பம். மற்ற சாமான் மறுநாள் வண்டியில் வந்தாலும் இந்த மூட்டை இருந்தால் அன்று இரவும் மறுநாள் காலையும் ஓடிவிடும். சட்டம் எழுதியவர்கள் இதே மூட்டையைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அமீனா வரும் நேரத்துக்கும் கட்டு உண்டு. பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்னும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு: முதல் ஆயிரம் ரூபாயைத் தொடக்கூடாது, மீதியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடக்கூடாது. பதினாறாயிரம் வாங்குபவரிடம் மாதம் ஐயாயிரம்தான் பிடிக்கலாம். மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் என்றால் இந்தச் சலுகை சுருங்கிவிடும். அங்கே தொடக்கூடாதது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. கூலித்தொழிலாளியின் கூலியையோ தொடவே கூடாது.

"தவறினால் வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சம்மதம்" என்று அந்த முத்திரைத்தாளில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். 1976-ல் இதே பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. கடன் கேட்டு நிற்பவரின் கை எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும் என்பது தெரிந்த யாரோ எழுதிய வரி அது.

என் அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு வருடம் வட்டி தவறியபோது கடன் கொடுத்தவரின் ஆள் வந்து கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கருவி இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் பணம் இல்லை. பதினொரு நாள் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடன் கொடுத்தவருக்கும் அதில் ஒரு ரூபாய் லாபமில்லை. அப்போதும் 60-ஆம் பிரிவு இருந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இன்றும் எத்தனை பேருக்குத் தெரியும்? ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய வரிகளை வக்கீல்களின் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. அதுவும் தெரிந்தவருக்குத்தான் உதவும்.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். சம்மன் வந்தால் பயந்து திருப்பி அனுப்பாதீர்கள், வாங்குங்கள். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகி, உங்கள் பேச்சைக் கேட்காமலே டிக்ரி வந்துவிடும். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அசலைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும், அதை நீங்களும் மறுக்கவில்லை. தவணை கேளுங்கள்.

மெஷினைத் தங்கை வீட்டில் ஒளித்து வைத்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதையே ஈடு வைத்தோ தவணைக்கு எடுத்தோ வாங்கியதில்லை என்றால், அது கைவினைஞரின் கருவி என்று கோர்ட்டில் சொல்ல உங்களுக்கு நல்ல இடம் உண்டு. எடுத்து வந்து பழைய இடத்திலேயே போடுங்கள். தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, ஜாக்கெட் துணி வர ஆரம்பித்திருக்கும்.