ஒரே ஒரு முறை மட்டை பிடித்தவர்

செய்யும் திறமை வேறு. செய்விக்கும் திறமை வேறு. நன்றாகப் பாடுபவரெல்லாம் நல்ல ஆசிரியர் ஆவதில்லை. நல்ல ஆசிரியரெல்லாம் மேடையில் புகழ் பெற்றவரும் அல்லர். இவ்வுண்மைக்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை. அவர் பெயர் வால்ட்டர் ஆல்ஸ்டன், தொழில் பேஸ்பால்.

நம்மில் பலருக்கு அவ்வாட்டம் பழக்கமில்லை. ஆகையால் அதன் அமைப்பை முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் காப்டன் செய்யும் வேலையைப் பேஸ்பாலில் பெரும்பாலும் மானேஜர் செய்கிறார். யார் பந்து எறிவது, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, களைத்தவரை எப்போது மாற்றுவது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு.

பெருநகரங்களின் அணிகள் ஆடுவது மேஜர் லீக். அதற்குக் கீழே சிற்றூர்களில் படிப்படியாக அமைந்தவை மைனர் லீக்குகள். அவற்றை நாற்றங்கால் எனலாம். இளைஞர்கள் அங்கே பயின்று, தேறியவர்கள் மேலே பிடுங்கி நடப்படுகிறார்கள். இந்த ஏற்பாட்டை 1920களில் வளர்த்தவர் பிராஞ்ச் ரிக்கி என்ற நிர்வாகி. நாற்றங்காலைக் காக்கும் மானேஜரின் நிலை விசித்திரமானது. அவர் அரும்பாடுபட்டு ஒருவனைத் தேர்ச்சியுறச் செய்தால், அந்தக் கணமே அவனை இழந்துவிடுகிறார்.

ஆல்ஸ்டன் 1911ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். மைனர் லீக்கில் பந்தை வெகு தொலைவு அடிக்கக்கூடியவர். 1936 செப்டம்பர் 27ஆம் நாள், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பெரிய அணியில் ஒருவர் நடுவரால் வெளியேற்றப்படவே, அவ்விடத்தில் ஆல்ஸ்டன் இறக்கப்பட்டார். மட்டை பிடித்தார், லான் வார்னெக் எறிந்த பந்தில் ஸ்டிரைக் அவுட் ஆனார். பந்து தடுப்பதில் ஒரு பிழையும் அவர் பேரில் பதிவாயிற்று. மேஜர் லீக் ஆட்டக்காரராக அவருடைய வரலாறு அத்துடன் முடிந்தது.

அதற்காக அவர் மனம் உடைந்துவிடவில்லை. குளிர்காலத்தில் பள்ளி ஆசிரியர். கோடையில் சிற்றூர் ஆட்டக்காரர். 1940இல் ஆடிக்கொண்டே மானேஜராகவும் ஆனார். 1944இல் ஓர் அணி அவரை விடுவித்தபோது, புருக்ளின் டாட்ஜர்ஸ் கழகத்தில் இருந்த ரிக்கி, டிரென்டன் நகர அணியை அவரிடம் ஒப்படைத்தார்.

அவரது உண்மையான சோதனை 1946இல் நாஷுவா என்ற சிறு நகரில் வந்தது. கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கின் கதவு அடைத்தே கிடந்த காலம் அது. ராய் காம்பனெல்லா, டான் நியூகம்ப் என்ற இரு கறுப்பின வீரர்களை டாட்ஜர்ஸ் கழகம் ஆல்ஸ்டனிடம் அனுப்பியது. அவர் இருவரையும் மற்றவர்களைப் போலவே நடத்தினார். அதற்கு மேலும் ஒன்று செய்தார். நடுவர் தம்மை வெளியேற்ற நேர்ந்தால் அணியை நடத்த வேண்டியவர் காம்பனெல்லா என்று முன்கூட்டியே குறித்துவைத்தார். அப்படியே ஒருநாள் நேர்ந்தது. வெள்ளை ஆட்டக்காரர்கள் ஒரு கறுப்பினத்தவரின் ஆணைப்படி ஆடினர். காம்பனெல்லா, பந்து எறிபவரான நியூகம்பை மட்டை பிடிக்க அனுப்பினார்; அவர் ஹோம் ரன் அடித்தார்; நாஷுவா வென்றது. இதைச் சமத்துவம் பற்றிய சொற்பொழிவு எதுவும் இல்லாமல் ஆல்ஸ்டன் செய்தார் என்பதே என் உள்ளத்தைக் கவர்கிறது. தகுதி உடையவனிடம் பொறுப்பைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பின்னர் பியூப்லோ, செயின்ட் பால், மான்ட்ரியல் என ஊர் ஊராக நாற்று வளர்த்தார். 1953இன் இறுதியில், புருக்ளின் மானேஜராக இருந்த சார்லி டிரெஸ்ஸன் பல ஆண்டு ஒப்பந்தம் கேட்டு, கிடைக்காமல் விலகினார். ஓராண்டு ஒப்பந்தம் போதும் என்று அவ்விடத்திற்கு வந்தவர் ஆல்ஸ்டன். அந்த அணியில் பலர் முன்பே அவரிடம் பயின்றவர்கள். அதற்கு முன் 7 முறை உலகத் தொடரில் தோற்றிருந்த புருக்ளின், 1955இல் நியூயார்க் யாங்கீஸை வென்றது. அந்நகரம் பெற்ற ஒரே உலகத் தொடர் வெற்றி அதுவே. நாஷுவாவின் காம்பனெல்லாவும் நியூகம்பும் அந்த அணியில் இருந்தனர்.

அணி 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆல்ஸ்டன் அங்கே 1959, 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று உலகத் தொடர்களை வென்றார். 1976இல் ஓய்வு பெறும்வரை அவர் கையெழுத்திட்டவை 23 ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றும் ஓராண்டுக்கே. அவரது வெற்றிகள் 2,040. 1983இல் கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது, 1984இல் காலமானார்.

ஆட்டக்காரராக அவர் அடைந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் வீணாயிற்று. ஆனால் வாய்ப்பின் அருமையை அவரைப்போல் அறிந்தவர் யார்? அதனால்தான் போலும், பிறருக்கு அதை அளிப்பதில் அவர் ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டவில்லை.