கழுத்தைத் திருப்பும் முன் காரணத்தைக் கேளுங்கள்



நம் தொழிலில் கழுத்து வலி இல்லாதவர் குறைவு. லாரியிலிருந்து குடோனுக்கும் குடோனிலிருந்து கடைக்கும் சரக்கு வருவது சுமை தூக்கும் தொழிலாளியின் தலை மேல்தான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமோ காலையிலிருந்து இரவு வரை கணக்கு நோட்டையும் கைப்பேசியையும் குனிந்து பார்த்தபடி இருக்கிறோம். இரண்டு பேருக்கும் மாலையானால் பிடரியில் பிடிப்பு, பின் தலையில் வலி.

கழுத்து பிடித்துக் கொண்டால் நம்மில் பலர் முதலில் போவது சலூனுக்கு. முடி வெட்டி முடிந்ததும் தலையை இரு கையாலும் பிடித்து ஒரே திருப்பு. 'படக்' என்று சத்தம் கேட்டதும் வலி விட்டது போல் இருக்கும். விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்று நினைக்கிறோம். அது அப்படியல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் ஏற்படும் வாயுக் குமிழால் வரும் சத்தமே அது.

இதையே முறையான மருத்துவமாகச் செய்வது கைரோபிராக்டிக். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் 1895இல் இதைத் தொடங்கினார். அதே 1895ஆம் ஆண்டு நவம்பரில்தான் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். கையால் திருத்தும் வைத்தியமும், உள்ளே இருப்பதைப் பார்க்கும் சோதனையும் ஒரே ஆண்டில் பிறந்தவை. ஆனால் நாம் முதலாவதை நாடும் வேகத்தில் இரண்டாவதை மறந்து விடுகிறோம்.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் கைரோபிராக்டிக் செய்பவர் பல ஆண்டுகள் படித்து உரிமம் பெற வேண்டும். சாதாரணக் கழுத்து வலியில் சிலருக்கு இது சில நாட்களுக்கு ஆறுதல் தருகிறது. உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடும் என்கிறார்கள். நம் நாட்டில் சித்தா, ஆயுர்வேதத்திற்கு இருப்பது போல இதற்கென்று தனிச் சட்டமோ பதிவுக் குழுவோ கிடையாது. எனவே பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துக் கழுத்தைக் கொடுக்கக் கூடாது. என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கை கால் முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வருகிறவர்கள் நம் பக்கம் உண்டு. கழுத்தை அதே கணக்கில் சேர்க்க முடியாது. கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றின் நடுவே முதுகுத் தண்டுவடம் ஓடுகிறது. பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் ஏறுகின்றன. தலையை வெடுக்கென்று திருப்பினால் இந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரக் கூடும். 2024இல் கர்நாடகத்துப் பல்லாரியைச் சேர்ந்த முப்பது வயது இளைஞர் ஒருவருக்குச் சலூனில் கழுத்தைத் திருப்பிய பின் இப்படித்தான் ஆனதாகச் செய்தி வந்தது. இது அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் நடந்து விட்டால் போனது திரும்புவது கடினம்.

மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. கழுத்துக்கும் அதே முறைதான். முதலில் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்; கை வைப்பது அதற்குப் பிறகு.

அடிபட்ட கழுத்துக்கு எப்போது எக்ஸ்ரே வேண்டும் என்பதற்குக் கனடா நாட்டு மருத்துவர்கள் 2001இல் ஒரு விதி வகுத்தார்கள். சுயநினைவோடு இருப்பவருக்கு அது பொருந்தும். வயது 65 அல்லது அதற்கு மேல் என்றாலோ, மூன்று அடி உயரத்திலிருந்தோ ஐந்து படியிலிருந்தோ விழுந்திருந்தாலோ, தலை உச்சியில் பாரம் இறங்கியிருந்தாலோ, கை கால் மரத்துப் போனாலோ படம் எடுத்தே ஆக வேண்டும். இவை எதுவும் இல்லை என்றால், மருத்துவர் மேலும் சில கேள்விகள் கேட்டு, கழுத்தை இரு பக்கமும் 45 டிகிரி திருப்ப முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்வார். நம் கடைகளில் மேல் தட்டுச் சரக்கை எடுக்க ஏறும் ஏணி மூன்று அடிக்கு மேல்தான் என்பதையும், அட்டியிலிருந்து சரியும் மூட்டை உச்சந்தலையில்தான் விழும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எல்லா வலிக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவை அதைவிடத் துல்லியமாகக் காட்டும். நரம்பு, தண்டுவடம், இடையில் உள்ள வட்டு இவற்றைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அறுபதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். அதை மட்டும் பார்த்து நாம் பயப்படவும் வேண்டாம், உடனே கழுத்துப் பட்டை வாங்கி மாட்டவும் வேண்டாம்.

அசட்டை செய்யக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ரூபாய் நோட்டு எண்ணும்போது விரல் தடுமாறுவது, கணக்கு எழுதும் கையெழுத்து மாறுவது, சட்டைப் பித்தான் போட முடியாமல் திண்டாடுவது, நடை தள்ளாடுவது ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இடி விழுந்தது போல் திடீரென்று வரும் கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி இவற்றுக்கும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் சிறிய அடி பட்டாலும் காட்டிக் கொள்ள வேண்டும்.

மற்றத் தலைவலிகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. ஆனால் தினமும் ஒரு மாத்திரை போட்டுச் சமாளிப்பது சரியல்ல. மாதத்தில் பதினைந்து நாள் வலி மாத்திரை சாப்பிட்டு, மூன்று மாதத்திற்கு மேல் அப்படியே தொடர்ந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகி விடும். பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் பத்து நாளே போதும்.

நமக்கு மருத்துவ வசதி தூரத்தில் இல்லை. அண்ணாமலைநகரில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, 2021இல் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்கு மாறி, இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கிறது. கடலூர் சாலையில் வண்டி மோதி அடிபட்டால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி உண்டு.

கடைசியாக, முதலாளிகளான நாம் செய்ய வேண்டியது. குடோனில் ஒருவர் விழுந்து விட்டால் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். சோடா கொடுத்து, கழுத்தை நீவி விடாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் படுத்தபடியே இருக்க விட்டு 108க்குப் போன் செய்யுங்கள். வலுவான ஆளாக இருந்தாலும் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 1967இலேயே உலகத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. 100 கிலோ கோணி மூட்டைகளை நம் ஆட்கள் சுமந்த காலமும் உண்டு. இன்று 50 கிலோ, 25 கிலோ பைகள் வந்து விட்ட பிறகும் இரண்டை ஒன்றாக அடுக்கித் தலையில் ஏற்றினால் பழைய பாரமே திரும்பி வருகிறது. ஒரு தள்ளுவண்டி வாங்கிப் போட்டால் அந்தச் செலவு சீக்கிரம் அடைந்து விடும்.

அடிபட்ட தொழிலாளி, 'ஒன்றுமில்லை அண்ணாச்சி, சரியாகி விடும்' என்றுதான் சொல்வார். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையில் சொல்லும் சொல் அது. அன்றைய கூலியைக் கையில் கொடுத்து, எக்ஸ்ரே செலவையும் கடைக் கணக்கில் எழுதி, ஆளையும் கூட அனுப்பி வைக்கும்படி உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறோம்.